வீழ்ந்தவர்க்கு மீட்சி உண்டா?
பாவமன்னிப்புப் பற்றித் தமிழ்க் கிறிஸ்தவ சபைகளின் கொள்கை வரலாறு

ஈப்போ நகருக்கு வடக்கே, கோலகங்சார் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த சிற்றூர் செமோர். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயமும், அதனைச் சூழ்ந்த நிலங்களின் பால்மரமும் இவ்வட்டாரத்தை வளர்த்தன. பால்மரத் தோட்டங்களை நாடிப் பேராக் மாநிலத்திற்கு வந்த தமிழரிற் பெரும்பாலோர் மாரியம்மனையும் முருகனையும் முனியாண்டியையும் வழிபட்டவர்கள். அவர்களோடு சிறு தொகையினராய்க் கிறிஸ்தவர்களும் கப்பலேறி வந்தனர். ஆனால் அவர்கள் அனைவரும் ஒரே சபையினர் அல்லர். தஞ்சை, திருச்சி, நெல்லை, யாழ்ப்பாணம் எனப் பல இடங்களிலிருந்து வந்தவர்கள், தத்தம் ஊரில் வேரூன்றியிருந்த சபையின் கொள்கையையும் உடன் கொண்டு வந்தனர்.

கத்தோலிக்கர் பேச்சில் 'பாவசங்கீர்த்தனம்', 'சாவான பாவம்' என்னும் சொற்கள் வழங்கின. லுத்தரன் சபையார் 'நீதிமானாக்கப்படுதல்' என்றனர். மெதடிஸ்டுகள் 'மனந்திரும்புதல்', 'பரிசுத்தமாகுதல்' என்றனர். பின்னர் வந்த பெந்தெகொஸ்தே சபையாரோ, 'இரட்சிக்கப்பட்டவர்', 'பின்மாற்றக்காரர்' என்று மனிதரை இரு கூறாக்கிப் பேசினர். மொழி ஒன்று, மறைநூல் ஒன்று, ஆயினும் சொற்கள் வேறு. சொற்கள் வேறானமைக்குக் காரணம், அவற்றின் பின்னே நின்ற விடைகள் வேறாயிருந்தமையே.

வினா மட்டும் ஒன்றுதான். கடவுளின் மன்னிப்பை ஒருமுறை பெற்ற மனிதன் மீண்டும் தவறினால் அவன் நிலை யாது? ஞானஸ்நானம் பெற்றவன் கள்ளுக்கடையில் வீழ்ந்து கிடக்கிறான். பூசையையும் ஆராதனையையும் விட்டு ஆண்டுகள் பல கழிகின்றன. பின்னர் ஒருநாள் நோயிற் படுக்கிறான். அவன் இழந்தது எது? இழவாதது எது? அவனுக்கு மன்னிப்பை அறிவிக்க உரிமையுடையவர் யார்? நூலறிவால் எழுந்த ஐயங்கள் அல்ல இவை. கணவனையோ மகனையோ மரணப் படுக்கையில் பார்த்திருக்கும் ஒரு பெண்ணுக்கு இவற்றைவிடப் பெரிய வினா இல்லை. இவ்வினாவின் வரலாறு தமிழ் அச்சு வரலாற்றோடும் தமிழர் குடியேற்ற வரலாற்றோடும் பின்னிக் கிடக்கிறது.

பழைய வழக்கு

கிறிஸ்தவ சபையில் இவ்வினா முதன்முதல் பேரளவில் எழுந்தது கி.பி. மூன்றாம் நூற்றாண்டில். உரோமப் பேரரசன் தேசியு, குடிகள் யாவரும் அரசின் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்குச் சான்றுச் சீட்டுப் பெறவேண்டும் என ஆணையிட்டான். கி.பி. 250-இல் அந்த ஆணைக்கு அஞ்சிக் கிறிஸ்தவர் பலர் பலியிட்டனர். சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சீட்டு வாங்கினர். கொடுமை தணிந்தபின் அவர்களிற் பலர் சபைக்குத் திரும்பி வர விரும்பினர்.

உரோமையில் நொவாசியன் என்னும் குரு, மறுதலித்தவரைச் சபை மீண்டும் ஏற்றல் ஆகாது என்றார். கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்ரியான், தக்க தவம் செய்தபின் ஏற்கலாம் என்றார். சாகும் நிலையில் உள்ளவர்க்கு இரக்கம் காட்டல் வேண்டும் என்றும் கூறினார். 251-இல் நொவாசியன் தனிச்சபை கண்டார். சிப்ரியானோ 258-இல் தம் சமயத்திற்காகவே உயிர் துறந்தார். அஞ்சி ஓடியவர்க்காக வாதாடியவர் தாம் அஞ்சவில்லை என்பது கருதத்தக்கது. 325-இல் கூடிய நிக்கேயா சங்கம், நொவாசியன் வழியினர் பொதுச்சபைக்குத் திரும்பினால், தவம் செய்து மீண்ட பிறரோடு அவர்கள் உறவு கொள்ளல் வேண்டும் என்று விதித்தது. 'வீழ்ந்தவர்க்கு மீட்சி உண்டு' என்பது அன்றே சபையின் பொது விடையாயிற்று. ஆனால் எவ்வழியில் மீட்சி என்பதில் கருத்து வேற்றுமை எஞ்சி நின்றது.

முத்துக்குளித்துறையில்

தமிழ்நாட்டில் இக்கொள்கை முதலில் வேரூன்றியது முத்துக்குளித்துறைப் பரதவரிடையே. 1530-களில் அவர்கள் பெருந்தொகையாகக் கத்தோலிக்க சமயம் தழுவினர். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அங்கு வந்தார். அவருக்குப் பின் அங்கு நெடுங்காலம் பணி புரிந்த அன்றீக்கு அடிகளார் தமிழைக் கற்று, தமிழ் எழுத்தில் நூல்களை அச்சேற்றினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கச் சிறு நூல். அடுத்த ஆண்டில் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1580-இல் வந்த மூன்றாம் நூல், பாவசங்கீர்த்தனம் செய்வோர்க்கு வழிகாட்டும் நூலாகும். தமிழ் அச்சின் தொடக்க நூல்களுள் ஒன்று பாவமன்னிப்புப் பற்றியது என்பதைத் தமிழாசிரியர்கள் நினைவிற் கொள்ளலாம்.

இதற்குக் காரணம் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1545-இல் தொடங்கி 1563-இல் முடிவுற்றிருந்தது. அச்சங்கம் 1547-இலும் 1551-இலும் இப்பொருள் பற்றித் தெளிவான முடிவுகளை அறிவித்தது. அவற்றின் சாரம் இது: ஞானஸ்நானத்தால் மனிதன் தேவ அருளைப் பெறுகிறான். அந்த அருளைச் சாவான பாவத்தால் இழத்தல் கூடும். இழந்தவன் பச்சாத்தாபம் என்னும் தேவதிரவிய அனுமானத்தால், அஃதாவது மனத்துயர் கொண்டு, குருவிடம் பாவத்தை வெளியிட்டு, பாவப் பொறுத்தலும் பரிகாரமும் பெற்று, அதனை மீண்டும் அடையலாம். இதற்கு அச்சங்கம் எடுத்தாண்ட பழைய உவமை ஒன்றுண்டு. கலம் உடைந்து கடலில் தத்தளிப்பவன் கைக்கு எட்டும் இரண்டாம் பலகை போன்றது பச்சாத்தாபம் என்பது அவ்வுவமை. கடலையே வாழ்வாகக் கொண்ட பரதவர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அச்சங்கம் வேறொன்றும் கூறியது. இறுதிவரை நிலைத்திருப்பேன் என்று எவனும், சிறப்பான வெளிப்பாடு இன்றி, முழு உறுதியோடு அறிதல் இயலாது. நம்பிக்கையோடு வாழலாம், ஆனால் இறுமாப்போடு வாழலாகாது.

பாவத்தின் வகைகளும் தமிழில் வகுக்கப்பட்டன. ஆதாம் வழிவந்தது சென்மப் பாவம். மனிதன் தானே செய்வது கர்மப் பாவம். கர்மப் பாவத்துள்ளும் அருளை முற்றும் அழிப்பது சாவான பாவம். அருளை அழிக்காமல் தளர்த்துவது அற்பப் பாவம். சென்மம், கர்மம் என்பன தமிழர் முன்னரே அறிந்த சொற்கள். ஆனால் பொருள் மாறிற்று. வினை என்பது செய்தவனை நிழல்போல் தொடர்ந்து பயனூட்டுவது என்று கேட்டுப் பழகிய செவிக்கு, பாவம் என்பது ஒரு தந்தையின் மனத்தைப் புண்படுத்திய குற்றம், ஆதலின் அது அத்தந்தையால் மன்னிக்கப்படக் கூடியது என்னும் கருத்துப் புதிதாக ஒலித்திருக்கும்.

தரங்கம்பாடியில்

1706 ஜூலை 9-ஆம் நாள் சீகன்பால்குவும் புளூச்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். டென்மார்க்கு அரசரின் ஆதரவில் வந்த லுத்தரன் குருமார் இவர்கள். சீகன்பால்கு மார்ட்டின் லுத்தரின் சிறு ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். புதிய ஏற்பாட்டையும் தமிழில் அச்சிட்டார். இதனால் திரெந்துச் சங்கத்தின் விடைக்கு எதிராக ஜெர்மனியில் எழுந்திருந்த விடை காவிரிக் கழிமுகத்தில் தமிழில் ஒலிக்கலாயிற்று.

லுத்தர் 1517-இல் எழுப்பிய வழக்குப் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் பற்றியது. விற்பனைப் பொருளாகிவிட்ட மன்னிப்பு மன்னிப்பாகாது என்பது அவர் சினம். மனிதன் தன் செயலால் அன்று, நம்பிக்கையால் மட்டுமே நீதிமானாக எண்ணப்படுகிறான். அவ்வாறு எண்ணப்பட்ட பின்னும் தன்னளவில் பாவியாகவே இருக்கிறான் என்றார். ஒரே மனிதன் ஒரே வேளையில் நீதிமானும் பாவியும் ஆவான் என்பது லுத்தரன் கொள்கையின் முடிச்சு. ஆதலின் மனந்திரும்புதல் வாழ்வில் ஒருமுறை நிகழும் நிகழ்ச்சி அன்று. நாள்தோறும் நிகழ வேண்டியது.

லுத்தரன் சபை குருவிடம் பாவ அறிக்கை செய்வதை முற்றும் நீக்கியது என்று பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, தனித்த பாவ விடுதலையைச் சபையிற் போற்றவேண்டும் என்றே கூறுகிறது. எல்லாப் பாவங்களையும் எண்ணிச் சொல்ல வேண்டும் என்னும் கட்டாயத்தையே அது நீக்கியது. அவ்வறிக்கை இன்னும் இரு திசையினரை மறுத்தது. ஒருமுறை நீதிமானானவன் தூய ஆவியை இழக்கவே முடியாது என்போர் ஒருசாரார். ஞானஸ்நானத்திற்குப் பின் வீழ்ந்தவரை மன்னிக்க மறுத்த நொவாசியன் வழியினர் மற்றொரு சாரார். அருளை இழக்கவும் கூடும், திரும்பப் பெறவும் கூடும் என்பதில் லுத்தரன் சபையும் கத்தோலிக்கத் திருச்சபையும் நெருங்கியே நிற்கின்றன. மன்னிப்பின் அடிப்படை யாது, மனிதனின் பரிகாரச் செயலுக்கு அதில் இடம் யாது என்பவற்றிலேயே அவை பிரிந்தன.

இவ்வழக்கு தமிழ் உரைநடைக்கு நன்மை செய்தது. தரங்கம்பாடியார் வெளியிட்ட நூல்களுக்கு மறுப்பாக வீரமாமுனிவர் 'வேதவிளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' ஆகியவற்றை எழுதினார். காவியம் பாடிய அதே கை வாத நூலும் எழுதிற்று. இன்று அந்நூல்களின் கடுமை வாசகரை உறுத்தக்கூடும். எனினும் நுண்ணிய கருத்துகளை வழக்கு மன்றத்திற் பேசுவது போல வரிசைப்படுத்தி உரைக்கும் ஆற்றலைத் தமிழ் உரைநடை பெற்றதில் இச்சமய வாதங்களுக்குப் பங்குண்டு.

பூனையும் குரங்கும்

சீர்திருத்தச் சபைகளுக்குள்ளேயே மற்றொரு பிளவு நேர்ந்தது. ஜான் கால்வின் வழியினர், கடவுள் தெரிந்துகொண்டவர் இறுதிவரை காக்கப்படுவர் என்றனர். ஹாலந்து நாட்டு ஆர்மீனியு என்பவர் இதனை ஐயுற்றார். அவர் 1609-இல் இறந்தார்; அடுத்த ஆண்டில் அவர் மாணாக்கர் தம் மாறுபாட்டை எழுத்தில் தந்தனர். 1618-19-இல் டோர்ட் நகரிற் கூடிய சங்கம் அவர்களை மறுத்தது. மெய்யான விசுவாசி பெரும் பாவத்திலும் விழக்கூடும். தாவீதும் பேதுருவும் விழுந்தனர். ஆயினும் கடவுள் அவனை முற்றும் கைவிடார், மனந்திரும்பச் செய்து மீட்பார் என்பது அச்சங்கத்தின் முடிபு.

இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி ஆர்மீனியுவின் பக்கம் நின்றார். நண்பர் ஜார்ஜ் விட்பீல்டு கால்வின் பக்கம் நின்றதால், 1740-ஐ ஒட்டி இருவரும் பிரிந்து பணி செய்ய நேர்ந்தது. விசுவாசியும் அருளை முற்றும் இழந்து கெடக்கூடும் என்பது வெஸ்லியின் கருத்து. ஆதலின் விழிப்பும், தூய வாழ்வும், சிறு குழுக்களாகக் கூடித் தம் நிலையை ஒருவர்க்கொருவர் எடுத்துரைத்தலும் வேண்டும் என வற்புறுத்தினார். 1784-இல் அவர் அமெரிக்க மெதடிஸ்டுகளுக்காக ஆங்கிலத் திருச்சபையின் 39 பிரமாணங்களைச் சுருக்கியபோது, முன்குறித்தல் பற்றிய 17-ஆம் பிரமாணத்தை விட்டுவிட்டார். ஞானஸ்நானத்திற்குப் பின் விழுந்தவரும் அருளால் மீண்டும் எழலாம் என்னும் 16-ஆம் பிரமாணத்தை ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டார்.

இப்பிளவைப் புரிந்துகொள்ளத் தமிழர் ஐரோப்பா செல்ல வேண்டியதில்லை. வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் கொண்ட மாறுபாட்டை விளக்க வழங்கும் இரு உவமைகள் உண்டு. குரங்குக் குட்டி தன் தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பிடி தளர்ந்தால் விழும். பூனைக்குட்டியோ ஒன்றும் செய்வதில்லை. தாயே வாயிற் கவ்விச் செல்லும். முன்னது மர்க்கட நியாயம். பின்னது மார்ச்சார நியாயம். வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசாரியரும் இவ்விரு வழிகளின் பேராசான்கள். கடவுளின் பிடியா, மனிதனின் பிடியா என்னும் வினா தமிழ் மண்ணில் முன்னரே ஆராயப்பட்டதாகும்.

எனினும் உவமையை அளவுக்கு மீறி நீட்டலாகாது. வைணவ வாதம் சரணாகதி எவ்வாறு நிகழ்கிறது என்பது பற்றியது. டோர்ட் வாதம் பெற்ற மீட்பு நிலைக்குமா என்பது பற்றியது. மேலும், பற்றிக்கொள்ளும் வலிமையும் கடவுள் முன்வந்து அளித்த கிருபையே என்று வெஸ்லி வற்புறுத்தினார். மனிதனின் தனி வலிமையை அவர் ஒருபோதும் புகழ்ந்தவர் அல்லர்.

இருசாராரும் மறைநூலையே சான்று காட்டினர். என் ஆடுகளை என் கையிலிருந்து எவரும் பறிக்க இயலாது என்னும் கருத்தமைந்த யோவான் 10-ஆம் அதிகாரத்தை ஒருவர் காட்டினால், ஒளி பெற்றபின் மறுதலித்தவரை மீண்டும் புதுப்பித்தல் அரிது என எச்சரிக்கும் எபிரெயர் 6-ஆம் அதிகாரத்தை மற்றவர் காட்டினார். முதலாவது, அஞ்சி நடுங்குவோர்க்கு உரைத்த ஆறுதல். இரண்டாவது, அசட்டையாய் இருப்போர்க்கு உரைத்த எச்சரிக்கை. ஆறுதலைச் சட்டமாக்கியவர் ஒரு கொள்கையும், எச்சரிக்கையைச் சட்டமாக்கியவர் மற்றொரு கொள்கையும் கண்டனர் எனலாம்.

நெல்லையிலும் யாழ்ப்பாணத்திலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கொள்கைகள் தமிழ்நிலத்தில் தனித்தனி வட்டாரங்களைப் பெற்றன. திருநெல்வேலியில் ஆங்கிலத் திருச்சபைச் சங்கங்கள் பணி புரிந்தன. யாழ்ப்பாணத்தில் 1814-இல் வெஸ்லியன் குருமாரும், 1816-இல் கால்வின் மரபில் வந்த அமெரிக்க மிஷன் குருமாரும் காலூன்றினர். அமெரிக்கர் 1834-இல் மதுரைக்கும் வந்தனர்.

1860-இல் தென்தமிழ்நாட்டில் ஓர் எழுச்சி தோன்றியது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை அமைத்திருந்த அருளப்பன் என்னும் தமிழ்ப் போதகர் அதன் தலைவர். அவர் அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் என்பவரின் தொடர்பால் சகோதர சபை வழியில் நின்றவர். எழுச்சிக் கூட்டங்களில் மக்கள் தம் பாவங்களைச் சபை நடுவே வாய்விட்டு அறிக்கையிட்டு அழுதனர். அயல்நாட்டுக் குருமாரிற் சிலர் மகிழ்ந்தனர், சிலர் ஐயுற்றனர். குருவின் செவியில் மறைவாகச் சொன்னது ஒரு காலம். ஆராதனை முறையில் எல்லாரும் ஒருங்கே சொன்னது ஒரு காலம். இப்போது ஒவ்வொருவரும் எல்லார் முன்னும் சொல்லும் காலம் வந்தது. மன்னிப்பை அறிவிக்கும் உரிமை குருபீடத்திலிருந்து சபை நடுவே இறங்கி வந்ததாக இதனைக் கொள்ளலாம். பிற்காலப் பெந்தெகொஸ்தே கூட்டங்களை அறிந்தவர்க்கு இக்காட்சி புதிதன்று.

இலக்கியத்திலும் இவ்வினா இடம்பெற்றது. 1858-இல் கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்திற் பிறந்தவர்; கம்பனில் தோய்ந்தவர். ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் நூலாயிற்று. பனியன் கால்வின் கொள்கை சார்ந்தவர். அவர் மூலக் கதையில், சிற்றுறுதி என்னும் பயணி கள்வரிடம் கைப்பணத்தை இழக்கிறான். ஆனால் அவன் அணிகலன்கள் பறிபோவதில்லை. விசுவாசி மன அமைதியை இழப்பினும் மீட்பை இழவான் என்பது அதன் கருத்து. அதே கதையில் இருப்புக் கூண்டில் ஒருவன் இருக்கிறான். விலகிச் சென்ற அவன், தனக்கு இனி மன்னிப்பே இல்லை என்று எண்ணிக் கதறுகிறான். ஆறுதலையும் எச்சரிக்கையையும் ஒரே நூலில் வைத்ததனாலேயே பனியனின் கதை எல்லாச் சபையாராலும் படிக்கப்பட்டது.

பேராக்கிற்கு வந்த வழிகள்

இனி மலாயாவைக் காண்போம். பாரிஸ் அயல்மறைப் பணிச் சங்கத்துக் குருமார் பேராக்கில் தமிழ்க் கத்தோலிக்கர்க்குப் பணி செய்தனர். பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கக் குடியிருப்பு உருவாயிற்று. பேராக் மாநிலம் 1955 முதல் பினாங்கு மறைமாவட்டத்தின் ஆட்சியில் இருந்து வருகிறது. அமெரிக்க மெதடிஸ்டுகள் 1885-இல் சிங்கப்பூரிற் பணி தொடங்கினர். ஈப்போவில் அச்சபையின் ஹார்லி போதகர் 1895-இல் ஆங்கிலப் பள்ளியை நிறுவினார். மெதடிஸ்டுகளின் தமிழ்ச் சபையும் அந்நகரில் வேரூன்றியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமாரும் இரயில்வே ஊழியரும் வெஸ்லியன், அமெரிக்க மிஷன், ஆங்கிலிக்கன் மரபுகளைக் கொணர்ந்தனர். இலங்கையில் 1920-களில் தோன்றிய பெந்தெகொஸ்தே மிஷனும், 1930-களில் வந்த அசெம்பிளிஸ் ஆப் காட் சபையும் பின்னர்த் தமிழரிடையே பரவின.

தோட்ட வாழ்வு இக்கொள்கைகளைச் சோதித்தது. குரு எப்போதோ ஒருமுறை வருவார். இடையில் உபதேசியாரோ, படிக்கத் தெரிந்த ஒரு முதியவரோ செபம் நடத்துவார். தோட்டத்திற் கள்ளுக்கடை இருந்தது. சம்பள நாளில் அங்குச் செல்லாதவர் சிலரே. மதுவிலக்கைக் கண்டிப்பாகப் போதித்த மெதடிஸ்டு மரபில் குடி என்பது வெறும் பழக்கம் அன்று. விழிப்பிழந்த ஆன்மாவின் அடையாளம். கத்தோலிக்க நெறியில் குடிவெறி பாவம். ஆனால் பாவசங்கீர்த்தனத் தொட்டி எப்போதும் திறந்திருக்கும். பெந்தெகொஸ்தே கூட்டத்தில் அவன் பின்மாற்றக்காரன். எழுந்து நின்று மீண்டும் ஒப்புக்கொடுக்க வேண்டியவன். சகோதர சபையாரும் பாப்டிஸ்டுகளும் வேறு விதமாய்ச் சொல்வர்: அவன் மெய்யாக மறுபிறப்படைந்தவனாயின் பிள்ளை என்னும் உரிமையை இழவான்; ஆனால் தந்தையின் முகமலர்ச்சியை இழப்பான்.

எல்லாவற்றிலும் கொடிய சோதனை ஜப்பானியர் ஆட்சியில் வந்தது. 1942-43-இல் சயாம்-பர்மா இரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்தொகையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் பல்லாயிரவர் மாண்டனர். குருவும் இல்லை, கல்லறைக் கல்லும் இல்லை. இறுதிப் பாவசங்கீர்த்தனம் இன்றி இறந்த கத்தோலிக்கனுக்கு என்ன கதி?

இதற்குத் திருச்சபை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை வகுத்திருந்தது. தண்டனைக்கு அஞ்சி அன்றிக் கடவுள்மேல் வைத்த அன்பினால் ஒருவன் தன் பாவத்திற்காக வருந்தினால், அது உத்தம மனஸ்தாபம். வாய்ப்புக் கிட்டும்போது பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்னும் விருப்பம் அதனுள் அடங்கியிருந்தால், குரு இல்லாத இடத்திலும் அவன் கடவுளோடு ஒப்புரவாகிறான். திரெந்துச் சங்கமே இதனைக் கூறியுள்ளது. லுத்தரன் சபையான் சொல்லக்கூடிய விடையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை: அவன் நம்பிக்கை கிறிஸ்துவைப் பற்றியிருந்தால் அதுவே போதும். கால்வின் வழியினர், கடவுள் தம்மவரை அறிவார் என்பர். மெதடிஸ்டும், இறுதி மூச்சில் திரும்புபவனையும் கிருபை தேடி வருகிறது என்பார். காட்டு வழியில் இறந்தவன் பொருட்டு நான்கு சபையாரும் நான்கு வாசல்களைக் காட்டினாலும், எவரும் வாசலை அடைத்தாரில்லை.

ஒப்புரவின் காலம்

இருபதாம் நூற்றாண்டில் சபைகள் ஒன்றையொன்று கேட்கத் தொடங்கின. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை தோன்றியது. அதில் ஆங்கிலிக்கன், வெஸ்லியின் மரபில் வந்த மெதடிஸ்டு, கால்வின் மரபில் வந்த பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபையார் இணைந்தனர். டோர்ட் சங்கம் பிரித்தவர்களின் வழித்தோன்றல்கள் ஒரே பீடத்தில் அப்பமும் இரசமும் பெற்றனர். தரங்கம்பாடி மரபின் தமிழ் லுத்தரன் திருச்சபை அதிற் சேராமல் தனித்து நின்றது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின், 1973-இல் கத்தோலிக்கத் திருச்சபை பாவமன்னிப்புச் சடங்கு முறையைத் திருத்தியது. தமிழில் 'பாவசங்கீர்த்தனம்', 'பச்சாத்தாபம்' என்னும் பழஞ்சொற்கள் பின்னடைய, 'ஒப்புரவு அருட்சாதனம்' என்னும் பெயர் வழக்கில் வந்தது. குற்றத்தைச் சொல்வது என்னும் பொருளிலிருந்து, உறவு மீள்வது என்னும் பொருளுக்குச் சொல் நகர்ந்தது. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடி மொழிபெயர்த்த திருவிவிலியம் வெளிவந்தது. அதில் 'மீட்பு', 'அருள்' போன்ற சொற்கள் இருசாரார்க்கும் பொதுவாயின. சர்வேசுரன் என்று ஒருவரும், பராபரன் என்று ஒருவரும், தேவன் என்று ஒருவரும் அழைத்த நிலை மாறிக் கடவுள் என்னும் தமிழ்ச் சொல் அங்கு இடம்பெற்றது.

1999 அக்டோபர் 31-ஆம் நாள், ஆக்ஸ்பர்க் நகரிலேயே, கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையிற் கையொப்பமிட்டன. மனிதன் தன் தகுதியால் அன்று, அருளால் மட்டுமே, கிறிஸ்துவில் வைத்த நம்பிக்கையில் ஏற்கப்படுகிறான் என்பதை இருவரும் ஒப்பினர். அறிக்கையில் விளக்கப்பட்ட கொள்கையைப் பதினாறாம் நூற்றாண்டின் சாபங்கள் தாக்கா எனவும் அறிவித்தனர். 2006-இல் உலக மெதடிஸ்டு மன்றமும், 2017-இல் கால்வின் மரபுச் சபைகளின் உலகக் கூட்டமைப்பும் அவ்வறிக்கையோடு இணைந்தன.

வேற்றுமைகள் அனைத்தும் தீர்ந்துவிடவில்லை. மன்னிப்புப் பெற்றவனிடம் எஞ்சும் தீய நாட்டத்தைப் பாவம் என்பதா, பாவத்திற்கு ஏதுவானது என்பதா என்பதில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் இன்றும் வேறுபடுகின்றனர். ஒருமுறை மீட்கப்பட்டவர் என்றும் மீட்கப்பட்டவரே என்போர்க்கும், அதனை மறுப்போர்க்கும் இடையிலான வழக்கும் ஓயவில்லை.

எஞ்சும் உண்மை

இவ்வரலாற்றை முழுதும் நோக்கின் ஒன்று புலனாகும். விழுந்து கிடப்பவனுக்கு என்ன நேர்ந்தது என்பதில்தான் சபைகள் பெரிதும் மாறுபட்டன. அருளை இழந்தான் என்றார் ஒருவர். மகிழ்ச்சியை மட்டும் இழந்தான் என்றார் ஒருவர். அவன் முன்னரே மெய்யான விசுவாசி அல்லன் என்றார் மற்றொருவர். ஆனால் அவன் செய்ய வேண்டுவது யாது எனக் கேட்டால், திரும்பி வா என்றே பெரும்பாலோரும் கூறினர். வராதே என்று சொன்ன நொவாசியன் வழி நிலைக்கவில்லை.

இதனால் கொள்கை வேற்றுமை பயனற்றது என்று கூறுவதும் தவறு. மன்னிப்பு எளிதென்று எண்ணி மனிதன் மரத்துப் போகாமல் எச்சரிக்கை காக்கிறது. மன்னிப்பே இல்லையென்று எண்ணி அவன் உடைந்து போகாமல் ஆறுதல் காக்கிறது. இரண்டையும் ஒருங்கே ஏந்துவது அரிதாதலின், ஒவ்வொரு சபையும் ஒன்றை இறுகப் பற்றிற்று. ஒன்று விட்டதை மற்றொன்று காத்தது.

செமோர் வட்டாரத்தின் தோட்ட வாழ்வு இன்று பெரிதும் மாறிவிட்டது. தோட்டத்து மக்களின் பிள்ளைகளிற் பலர் ஈப்போவிலும் பிற நகரங்களிலும் குடியேறிவிட்டனர். பழைய சொற்களிற் பல முதியவர் நாவில் மட்டுமே வாழ்கின்றன. ஆயினும் ஒரு சொல் மாறவில்லை. தமிழில் 'பாவம்' என்பது குற்றத்தையும் குறிக்கும். துன்புறுவோனைக் கண்டு இரங்கும் சொல்லாகவும் வரும். குடித்து வீழ்ந்து கிடந்தவனைப் பார்த்து, எச்சபையையும் சாராத அண்டை வீட்டுக் கிழவி 'பாவம்' என்றாள் எனின், அவள் அவன் குற்றத்தைக் கூறவில்லை, அவனுக்காக இரங்கினாள். சங்கங்கள் பல கூடி ஆராய்ந்த இரு பொருளையும் தமிழர் ஒரே சொல்லில் வைத்திருக்கின்றனர்.